வயர் இல்லாத ஹெட்போன்

எங்கள் ஆலை நிர்வாகம் கேட்காமலே எதையாவது கொடுத்தால் அதை மூன்று தடவை திருப்பிப் பார்ப்பேன். ஒரு தீபாவளிக்கு ஆளுக்கொரு பிஸ்கட் டின் கொடுத்தார்கள். அடியில் பார்த்தால் தேதி முடிய நான்கு நாள்தான் இருந்தது. அதற்கு முன்பும் நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை; அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில், உதவி மேனேஜரான சின்னத் துரை ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக எஞ்சின் ரூமுக்குள் வந்தபோது, பெட்டியைவிட அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்தியது.

மலேசியாவில், சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த தோட்டம் அது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டிருந்தார்கள். செம்பனைப் பழத்தை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில், நீராவி எஞ்சினைக் கவனித்து எண்ணெய் போடுவது என் வேலை. எஞ்சினை ஓட்டுகிறவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெளிக்காட்டில் வெயிலில் நின்று பழக்குலை வெட்டிக்கொண்டிருந்த என்னைப் பெரிய துரையிடம் சொல்லி ஆலைக்குள் கொண்டுவந்தவர். கையில் முள் ஏறாமல் நான் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது அவரால்தான்.

எஞ்சின் ரூமில் வாய் எதற்கும் உதவாது. எஞ்சின், பக்கத்தில் பாய்லர், சுவருக்கு அந்தப் பக்கம் பழத்தைப் பிழியும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து போடும் சத்தத்தில், காதருகே வந்து கத்தினாலும் எச்சில்தான் வந்து விழும். அதனால் நாங்கள் கையால் பேசினோம். கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. உள்ளங்கை உச்சந்தலைக்குப் போனால் துரை வருகிறார். மணிக்கட்டைத் திருகினால் வால்வைத் திற. இரண்டு விரல்களை உரசினால் பேரிங் சூடாகிறது. வேலை முடிந்து கடைக்குப் போனாலும் எங்கள் கண் எதிரில் நிற்கிறவரின் முகத்துக்குப் போகாது, கைக்குத்தான் போகும். என் மனைவி இதை வைத்தே எங்கள் கூட்டத்தைக் கேலி செய்வாள்.

அண்ணனுக்கு வலது காது மந்தம். எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தன. எஞ்சின், பாய்லர், பிழியும் பகுதி மூன்றிலுமாக நாங்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேர் வீட்டிலும் ரேடியோ அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படிதான் பாடும். ஆனால் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சின்னத் துரை அண்ணனையும் என்னையும் வெளியே கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தார். கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த தமிழ்ப் பிள்ளை. தன்னைத் தொரை என்று கூப்பிடக் கூடாது, சார் என்றால் போதும் என்று முதல் நாளே சொன்னவர். அதையும் நான் சந்தேகப்பட்டேன். பெட்டிக்குள் மூன்று வகைச் சாமான்கள் இருந்தன. மஞ்சள் நிறத்தில் உருட்டிக் காதுக்குள் திணிக்கும் பஞ்சு ஒன்று. கயிற்றில் கோத்த ரப்பர் அடைப்பான் ஒன்று. மூன்றாவது, தலைக்கு மேல் வளையம் போட்டு இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்தது. அதற்குச் சரியான பெயரை அவரும் சொல்லவில்லை. பார்வைக்கு ஹெட்போன் மாதிரி இருந்ததால் அன்றிலிருந்து எங்களுக்கு அது ஹெட்போன்.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. சத்தம் எவ்வளவு குறையுது, போட்டுக்க வசதியா இருக்கா, எல்லாம் பாத்து சொல்லுங்க. எது நல்லதுன்னு சொல்றீங்களோ அதையே பன்னெண்டு பேருக்கும் கேட்டு எழுதுறேன்" என்றார்.

அவர் போன பிறகு அண்ணன் ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏன் தம்பி, வயரைக் காணோம்?"

"அதாண்ணே எனக்கும் சந்தேகமா இருக்கு. வயர் இல்லாத ஹெட்போனை எவனாச்சும் சும்மா குடுப்பானா?"

"காத மூடறதுக்குத்தானேடா குடுத்திருக்காங்க."

"காத மூடிக்கிட்டா எஞ்சின்ல கோளாறு வர்றது எப்படித் தெரியும்? நாளைக்கு ஒடைஞ்சா, நீ ஏன் கவனிக்கலேன்னு நம்ம தலையிலதான் கட்டுவானுங்க."

அண்ணன் சிரித்தார். "ஒனக்கு மழை பேஞ்சாலும் சந்தேகம்தாண்டா" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பஞ்சை உருட்ட ஆரம்பித்தார்.

ஆறு வாரம் போட்டுப் பார்த்தோம். மஞ்சள் பஞ்சு முதல் நாள் சொகுசாக இருந்தது. ஆனால் எண்ணெய்க் கையோடு உருட்டி உருட்டி, மூன்றாம் நாள் அது கறுத்து, காது அரிக்க ஆரம்பித்தது. ரப்பர் அடைப்பான் சட்டென்று மாட்டிக் கழற்றலாம், கயிறு இருப்பதால் தொலையாது. ஆனால் சோறு மெல்லும்போது தாடை அசைந்து அது தானாக வெளியே வரும். அதைப் போட்டுக்கொண்டால் என் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. ஹெட்போனுக்கு வேறு பிரச்சினை. பாய்லர் பக்கம் போனால் கிண்ணத்துக்குள் வேர்வை தேங்கிக் கழுத்தில் வழியும். வளையம் தலையைப் பிடித்து இறுக்கும், மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு வலிக்கும். ஆனால் சத்தம்! அதை மாட்டினால் எஞ்சின் பத்தடி தள்ளிப் போய்விடும். அதைவிட அதிசயம், பேரிங் தட்டும் சத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் காதருகே கத்தினால் நாலில் மூன்று வார்த்தை புரிந்தது. இத்தனை சத்தத்தை அடைக்கிற சாமான் மனிதக் குரலை மட்டும் எப்படி விடும்? இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியை வைத்துச் சோதித்தேன். மாட்டிக்கொண்டு, "ஏதாச்சும் பேசு" என்றேன். அவள் வாயை அசைத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நீ நெசமாவே பேசுறியா, சும்மா வாய அசைக்கிறியா?"

அவள் இன்னும் வேகமாக வாயை அசைத்தாள். கழற்றிப் பார்த்தேன். "...பத்து வருசமா இந்த ஆளோட குப்பை கொட்டுறேன்" என்று முடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது, பேசித்தான் இருக்கிறாள்.

பயணத்துக்கு எப்படி என்றும் பார்த்துவிட நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சிரம்பானுக்குப் போகும்போது பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பஸ் டிரைவர் கேசட்டை அலறவிட்டிருந்தார். அது பஸ் எஞ்சினின் முனகலோடு சேர்ந்து தூரத்துக் கோயில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மம்பாவ் தாண்டியதும் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் தோளைத் தட்டி, என்ன பாட்டு கேட்கிறாய் என்று மலாயில் கேட்டார். பாட்டு எதுவும் இல்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

ராசா ஸ்டாப்பில் ஆள் ஏற்றுவதற்காக பஸ் எஞ்சினை அணைத்து நிறுத்தினார்கள். கேசட்டும் நின்றது. ஹெட்போனுக்குள் இதுவரை நான் அறியாத அமைதி. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிசாக, விடாமல், ஙொய்ங் என்று. எனக்குப் பொறி தட்டியது. இதுதான் சங்கதி, இந்தச் சாமானுக்குள் எதையோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கழற்றினேன். சனங்களின் சந்தடியில் அது மறைந்தது. மாட்டினேன். திரும்ப ஙொய்ங். என் சந்தேகம் வீண்போகவில்லை என்று அன்று முழுக்கக் கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

வீடு வந்து திருப்புளியால் கிண்ணத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அவ்வளவுதான். கம்பி இல்லை, பேட்டரி இல்லை. பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்தினேன். ஙொய்ங். சத்தம் என் தலைக்குள்தான் இருந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ, எஞ்சின் அதை மறைத்து வைத்திருந்திருக்கிறது. அன்றுதான் நான் நிஜமாகப் பயந்தேன். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு இந்த ஹெட்போன் வேண்டும், எனக்கும் வேண்டும் அண்ணனுக்கும் வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

மறுநாளே சின்னத் துரையிடம் போய்ச் சொன்னோம். பயணத்துக்கு மஞ்சள் பஞ்சு, அவசரத்துக்கு ரப்பர், வேலைக்கு ஹெட்போன்தான். வேர்வையும் வலியும் இருந்தாலும் பரவாயில்லை, பன்னிரண்டு பேருக்கும் அதையே கேளுங்கள் என்றோம். அவர் குறித்துக்கொண்டார். "ஹெட் ஆபீஸ்ல இருந்து முதல்ல ஒரு ஆள் வந்து எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணுவாரு. அதுக்கப்புறம் முடிவு பண்ணுவாங்க" என்றார்.

டெஸ்ட் என்ற வார்த்தை வந்ததுமே எனக்குள் பழைய ஆள் எழுந்துவிட்டான். கொடுப்பதென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு டெஸ்ட்? இரண்டு நாள் கழித்து ஆபீஸ் பக்கம் போனேன். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னத் துரையும் கணக்கு எழுதும் கிராணியும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னத் துரை ஒரு காகிதத்தைக் காட்டினார். கிராணி காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் திரும்பி ஆலையைப் பார்த்தார்கள். கிராணியின் கை வெளிக்காட்டுப் பக்கம் நீண்டது. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

அன்று டீ வேளையில் பன்னிரண்டு பேரும் இருக்கும்போது சொன்னேன். "காது கெட்டுப்போனவன ஆலையில வச்சிருக்க மாட்டானுங்களாம். திரும்ப வெளிக்காட்டுக்கு, பழம் வெட்டத்தான். கிராணியும் சின்ன தொரையும் பேசினத நான் கேட்டேன்."

கேட்டேன் என்றுதான் சொன்னேன். நினைக்கிறேன் என்று சொன்னால் ஆள் அசையமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் நீளக் கழியைத் தூக்கி உயரத்துக் குலையை அறுப்பது நடக்கிற காரியமில்லை. ஆனாலும், "உள்ளத உள்ளபடி சொல்லிடலாமே தம்பி. இல்லாத காத இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு இவனுங்களப் பத்தித் தெரியாது" என்றேன். என்னை வெளிக்காட்டிலிருந்து தூக்கிவிட்டவரிடம் நான் சொன்ன பதில் இது.

டெஸ்டை, பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் வைத்தார்கள். பெற்றோர் வேலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போன பிறகு, தோட்டத்திலேயே சத்தமில்லாத இடம் அதுதான். தொட்டில் கட்டும் ஏணைத்துணிகளை ஓரமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். நடுவில் மேசை, மேசைமேல் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஹெட்போன். இதற்கு வயர் இருந்தது. வந்திருந்த ஆள் மலாய்க்காரர், சாந்தமான முகம். பொத்தான் ஒன்றை என் கையில் கொடுத்து, "கலாவ் டெங்கார், தெக்கான்" என்றார். கேட்டால் அமுக்கு, அவ்வளவுதான்.

நான்தான் முதல் ஆள். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் இரண்டு மூன்று சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை, என் ஙொய்ங்தான். ஆனால் கண் வழக்கம் போல அவர் கைக்குப் போயிருந்தது. பெட்டியின் விசை மறைவில் இருந்தாலும், அதை அவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும் இடது முழங்கை மேசையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது. எழும்பியபோதெல்லாம் அமுக்கினேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் இடது முழங்கையைத் தொட்டுக் காட்டிக் கட்டைவிரலை மடக்கினேன். எஞ்சின் சத்தத்தில் வருடக்கணக்காகக் கையைப் படித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள், ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கடைசி. திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முடிந்ததும் அந்த மலாய்க்காரர் எழுந்து வந்து, "பாகுஸ், பக்சிக்", ரொம்ப நல்லது பெரியவரே, என்று அண்ணன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் தோட்டத்திலேயே பெரிய புத்திசாலி நான்தான். டீக்கடையில் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சின்னத் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த மூன்று சாமான்களையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பெட்டியை மேசையில் வைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலை. நான் கத்தினாத்தான் உங்களுக்குக் கேக்குது. பேப்பர்ல பாத்தா பன்னெண்டு பேருக்கும் நார்மல். இவ்வளவு நல்ல காதுக்கு எதுக்கு ஹெட்போன், வாங்க வேண்டாம்னு ஹெட் ஆபீஸ்ல எழுதிட்டாங்க."

"காது கெட்டவங்கள வெளிக்காட்டுக்கு அனுப்பத்தானே சார் டெஸ்ட்டு?" என்றேன்.

"யார் சொன்னது? பாதிப் பேருக்குக் காது போயிருக்கும், அந்த ரிசல்ட்டைக் காட்டித்தான் ஹெட்போன் வாங்க முடியும்னு நான் கிராணிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். மருந்து அடிக்கிற வெளிக்காட்டு ஆளுங்களுக்கும் அப்படியே கையுறை கேக்கலாமேன்னு அவர் சொன்னார். இப்ப ரெண்டும் போச்சு."

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சார், நாங்கள் ஏமாற்றிவிட்டோம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இன்னொரு தடவை அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று. வாய் வரவில்லை. வெட்கமும் பயமும்தான், வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை. அதன்பின் இரண்டு முறை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். அடுத்த வருடம் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூட்டாளிகளிடம், ஹெட் ஆபீஸ்காரன் கஞ்சன், தரமாட்டேன் என்றுவிட்டான் என்று சொன்னேன். எல்லோரும் உடனே நம்பினார்கள். நீதான் முன்னமே சொன்னாயே என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

அண்ணன் ஓய்வு பெறும்வரை அந்த எஞ்சின் பக்கத்திலேயே வெறுங்காதோடு நின்றார். நான் இடையில் பழம் நிறுக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டேன். அதனால் எனக்கு இடது காது ஓரளவு மிஞ்சியது. அவருக்கு இரண்டும் போய்விட்டன.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் மம்பாவில் மகன் வீட்டில் இருந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், இப்போது ஆலையில் சேருகிறவனுக்கு முதல் நாளே ஹெட்போன் கொடுத்துவிடுகிறார்கள் என்று கத்திச் சொன்னேன். அதை அவருக்குப் புரியவைக்க இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"ஆமா தம்பி, அன்னிக்கு வெளிக்காட்டுக்கு அனுப்பப் போறானுங்கன்னு பேசினத நீ கேட்டதா சொன்னியே. எந்தக் கிராணிடா அது? மறந்து போச்சு."

அவர் எந்தக் குற்றமும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் காதோரம் குனிந்து, "யாரும் சொல்லலண்ணே. நான் எதையும் கேக்கல. நானா நெனச்சுக்கிட்டேன்" என்றேன்.

"என்ன?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லுடா" என்றார். பன்னிரண்டு வருடம் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "நான் பொய் சொன்னேண்ணே! டெஸ்ட்ல உள்ளத சொல்லியிருந்தா அன்னிக்கே ஹெட்போன் குடுத்திருப்பாங்க! ஒங்க காது போனது என்னாலதான்!" அடுத்த வீட்டு ரேடியோவைக் குறைத்தார்கள்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "சரி சரி, விடு. டீ குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "தம்பிக்கு டீ போடு" என்றார்.

அண்ணி அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், "இத்தன வருசமா நான் தொண்ட கிழிய இவர்கிட்ட கத்திக்கிட்டு இருக்கேன், தம்பி" என்றார். மிஞ்சியிருந்த என் இடது காதில் அது முழுதாக விழுந்தது.

"என்ன சொல்றா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"டீ போடறாங்களாம்ணே" என்றேன்.

அவர் நம்பினார்.